எண்ணிக்கைக்கு ஏங்கும் வயது

செல்ஃபோனைப் பிடுங்கி வைத்துவிடலாம். அதற்குள் பிள்ளைகள் தேடியதை யார் தருவது?

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறாள். புத்தகத்தைத் திறக்கிறாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கை தானாக ஃபோனுக்குப் போகிறது. பதினோரு லைக். மறுபடி கவிழ்த்து வைக்கிறாள். மறுபடி எடுக்கிறாள். பதினாலு. அரை மணி நேரத்தில் ஐம்பதைத் தொடாவிட்டால் படத்தையே எடுத்துவிடுவாள். படத்தில் குறை எதுவும் இல்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவளுக்குத் தோன்றிவிடுகிறது. லக்னோவிலும் இது நடக்கும், கொச்சியிலும் நடக்கும், சாலை வசதி சரியாக இல்லாத கிராமத்திலும் நடக்கும்.

"எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருக்கிறது" என்பது இன்று இந்தியக் குடும்பங்களின் பொதுப் புலம்பல். புலம்புகிறவர்கள் கணக்கு வைப்பது நேரத்தை: நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், ராத்திரி ஒரு மணி வரை. அந்த நேரமெல்லாம் பிள்ளை எதை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பார்த்தால் பிரச்னை செல்ஃபோனோடு நிற்காது. வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்காமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'இன்டர்நெட் அடிமை' என்ற சொல் பிறந்ததே ஒரு கிண்டலில். நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், மனநோய்களுக்கு இலக்கணம் வகுக்கும் அமெரிக்கக் கையேட்டைப் பரிகாசம் செய்வதற்காக 1995இல் அப்படி ஒரு நோயைக் கற்பனை செய்து அறிகுறிகளையும் எழுதி வைத்தார். படித்தவர்களில் சிலர் சிரிக்கவில்லை. தங்களுக்கும் அது இருப்பதாகச் சொன்னார்கள். மறுவருடமே டொரன்டோவில் நடந்த அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் அதை நிஜமான கோளாறாகவே முன்வைத்தார். விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தொடங்கியதும் அதே 1995இல், ஆகஸ்ட் 15 அன்று. இந்தியாவுக்கு இன்டர்நெட்டும் அதன் நோயின் பெயரும் ஒரே வயது.

முப்பது வருடங்களுக்குப் பிறகும் மருத்துவ உலகம் இதில் நிதானமாகவே அடியெடுத்து வைக்கிறது. அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் வருடப் பதிப்பு, இன்டர்நெட் விளையாட்டுக் கோளாறை 'மேலும் ஆராய வேண்டியவை' பட்டியலில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பில், வீடியோ விளையாட்டுக் கோளாறை நோயாக ஏற்றுக்கொண்டது. அதற்கும் மூன்று அடையாளங்கள் வேண்டும்: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிப் போவது, கேடு விளைவது தெரிந்தும் தொடர்வது. அதுவும் வழக்கமாக ஒரு வருட காலம் நீடித்திருக்க வேண்டும். சமூக வலைதளங்களில் மூழ்கிக் கிடப்பது அந்தப் பட்டியலில் தனி நோயாக இடம்பெறவில்லை. எனவே நிறைய நேரம் ஃபோன் பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. ஆனால் அவர்களில் பலர் நிம்மதியாக இல்லை என்பதும் உண்மை.

அந்த நிம்மதியின்மைக்கு இன்டர்நெட்டைவிட மூத்த பெயர் ஒன்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் விடலைப் பருவத்தினர் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து எழுதியது. தன்மதிப்பை அளக்க அவர் அமைத்த பத்து வாக்கியங்கள் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. அவர் சொன்ன தன்மதிப்பு, பிறரைவிடத் தான் உசத்தி என்ற நினைப்பு அல்ல. தான் இருக்கிறபடி இருப்பதே போதும் என்ற நினைப்பு. போட்டியில் முந்தியவனுக்கும் அது இல்லாமல் போகலாம். பின்தங்கியவனுக்கும் அது இருக்கலாம். உசத்திக்கு எண்ணிக்கை வேண்டும். போதும் என்பதற்கு வேண்டாம்.

இந்தியப் பிள்ளைக்கு இந்த 'போதும்' எங்கே கிடைக்கிறது? மூன்று வயதில் ஸ்கூல் இன்டர்வியூ. ஏழு வயதில் ராங்க் கார்டு. பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் முதல் கேள்வி, "எவ்வளவு?" இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: "மத்தவங்க எவ்வளவு?" கல்யாண வீட்டில், ரயிலில், பக்கத்து ஃபிளாட்டில், பார்க்கிறவர்களெல்லாம் அதே எண்ணைத்தான் விசாரிக்கிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் கோச்சிங் மையங்கள் வைக்கும் பிரம்மாண்டப் பலகைகளில் பிள்ளைகளின் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் ராங்க். முகத்துக்குக் கீழே எண் போடும் பழக்கத்தை இந்தியா கற்றுக்கொண்டது இன்ஸ்டாகிராமிடம் இல்லை.

இதன் கேடு அரசுகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்ப்பதற்காகத் தகுதிப் பட்டியல் வெளியிடுவதில்லை என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2023 மே மாதம் அறிவித்தது. அதே வருடம் செப்டம்பரில் ராஜஸ்தான் அரசு, கோட்டாவில் மாணவர்களின் தற்கொலைகள் நாட்டையே உலுக்கிய நிலையில், கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தரம் பிரித்து வகுப்பு மாற்றக் கூடாது, அகர வரிசையில் பிரிக்க வேண்டும், வழக்கமான தேர்வு முடிவுகளைப் பகிரங்கப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் சில. ஒரு மாநில அரசு இதை உத்தரவு போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால் பழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இப்படி வளர்ந்த பிள்ளையின் கையில்தான் ஃபோன் வந்து சேர்கிறது. பள்ளியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எண், இங்கே மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஃபேஸ்புக் 2009இல் லைக் பொத்தானைக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, கீழே தள்ளத் தள்ளப் பக்கம் முடியாமல் நீண்டுகொண்டே போகும் ஏற்பாட்டை ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியிருந்தார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு 'வணக்கம்' உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது.

ஒவ்வொரு முறையும் லைக் கிடைத்தால்கூட அலுத்துவிடும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் இருப்பதில்தான் பிடி இருக்கிறது. எப்போது தானியம் விழும் என்று தெரியாத புறா, ஒழுங்காகத் தானியம் கிடைக்கும் புறாவைவிட விடாமல் கொத்திக்கொண்டிருக்கும் என்று பி.எஃப். ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். சூதாட்ட இயந்திரம் ஓடுவது அந்தக் கணக்கில்தான். விடலைப் பருவத்தில் இதற்கு இன்னொரு விசையும் சேர்கிறது. அப்பா அம்மா சொல்வதைவிடக் கூட்டாளி நினைப்பது பெரிதாகத் தெரியும் வயது அது. முன்பு அந்தக் கூட்டாளிகள் வகுப்பில் நாற்பது பேர், தெருவில் பத்துப் பேர். சாயங்காலம் கதவைச் சாத்தினால் அவர்கள் வெளியே. இப்போது அவர்களுக்குக் கதவு கிடையாது.

நிறுவனங்களுக்கு இது தெரியாதா? இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ஆய்வுகளின் விவரங்களை, அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடல் தோற்றம் குறித்த மனக்குறை இருக்கும் விடலைப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்குகிறது என்று அந்த ஆவணங்கள் கூறின. அதே வருடம் மே மாதத்திலேயே லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதியையும் அந்நிறுவனம் கொடுத்திருந்தது. மறைப்பதும் மறைக்காததும் உபயோகிப்பவரின் விருப்பம். ராங்க் கார்டே போதையாகிவிட்ட வயதில் அதை மூடிவைக்க யாருக்கு மனசு வரும்?

இந்தியாவில் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்குக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. பாடத்துக்காக ஃபோன் வேண்டும் என்று பள்ளிகளே சொல்லின. கடன் வாங்கி வாங்கிய வீடுகள் உண்டு. மாடு விற்று வாங்கிய வீடுகள் உண்டு. பிள்ளை உருப்பட வேண்டும் என்று வாங்கிக் கொடுத்த அதே பொருள்தான் இன்று பிள்ளையைக் கெடுப்பதாகக் குற்றம் சாட்டப்படுகிறது. கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் 'அசர்' அறிக்கை 2024இல் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்ஃபோனைக் கையாளத் தெரிந்திருந்தது. முந்தைய வாரத்தில் அதைப் படிப்பு தொடர்பாகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைதளங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

பையன்களும் பெண்களும் தேடுவது ஒரே பொருளைத்தான். கடைகள் பெரும்பாலும் வேறு. பையன்களுக்கு விளையாட்டு. பப்ஜி ஆட்டத்தில் நூறு பேர் பாராசூட்டில் குதிக்கிறார்கள். கடைசி வரை நிற்பவன் ஜெயிக்கிறான். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக ஏறி 'கான்கரர்' வரை பட்டங்கள். வகுப்பில் நாற்பத்தொன்றாவது ராங்க் வாங்கும் பையனை அங்கே முகம் தெரியாத நாலு பேர் தலைவா என்கிறார்கள். தோற்றாலும் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வதில்லை. இரண்டு நிமிடத்தில் அடுத்த ஆட்டம். பகல் முழுக்கத் தண்டம் என்று பெயர் வாங்கியவன் ராத்திரி மட்டும் வீரனாகிறான். அவனிடமிருந்து ஃபோனைப் பிடுங்கும்போது ஏன் அவ்வளவு மூர்க்கமாகிறான் என்று பெற்றோர் திகைக்கிறார்கள். ஒரு பொம்மையைப் பிடுங்கியதாக அவர்கள் நினைக்கிறார்கள். தான் மதிக்கப்பட்ட ஒரே இடத்திலிருந்து தன்னை இழுத்து வெளியே போட்டதாக அவன் நினைக்கிறான்.

பெண்களின் நிலை வேறு. 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களைப் பற்றிய 2023ஆம் வருட 'அசர்' அறிக்கையில், ஸ்மார்ட்ஃபோன் உபயோகிக்கத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்த ஃபோன் இருந்தது. பெண்களில் 19.8 சதவீதம்தான். அண்ணனின் ஃபோனில், அம்மாவின் ஃபோனில், அனுமதி வாங்கியும் வாங்காமலும் உள்ளே போகிறவர்கள் அவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது இரட்டை மதிப்பீடு. படம் போட்டால் அழகுக்கு மார்க். படம் போட்டது தெரிந்தால் ஒழுக்கத்துக்கு மார்க்.

இன்டர்நெட் கொடுத்த மதிப்பெல்லாம் போலி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. டிக்டாக்கின் கதை அதைச் சொல்கிறது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்தபோது அதற்கு இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் இருந்தார்கள். வயல் வரப்பில் ஆடியவர்கள், மாட்டுக் கொட்டகையில் வசனம் பேசியவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள், நிறத்துக்காகவும் சாதிக்காகவும் ஊரில் ஏளனம் பட்டவர்கள். சினிமாவோ டி.வி.யோ ஒருநாளும் திரும்பிப் பார்த்திராத முகங்கள். முதல்முறையாக யாரோ கைதட்டினார்கள். தடைக்குத் தேசியப் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் நியாய அநியாயம் வேறு விவாதம். ஆனால் லட்சக்கணக்கில் சேர்த்த ரசிகர்கள் ஒரே ராத்திரியில் பூஜ்யமானார்கள். எண்ணிக்கையில் கட்டிய மதிப்பு எவ்வளவு எளிதில் சரியும் என்பதற்கு அதைவிட உதாரணம் தேவையில்லை. அந்த மதிப்பை அவர்களுக்கு ஊர் ஏன் கொடுத்திருக்கவில்லை என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்டர்நெட் தாழ்வு மனப்பான்மையைக் கொடுக்கிறதா, தாழ்வு மனப்பான்மை உள்ளவர்கள் இன்டர்நெட்டுக்குள் போய் ஒளிகிறார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதே அனுபவத்துக்குப் பொருந்துகிறது. மார்க் குறைந்ததால் ஃபோனுக்குள் போகிறான்; ஃபோனுக்குள் போனதால் தூக்கம் போகிறது; தூக்கம் போனதால் மார்க் இன்னும் குறைகிறது. பெங்களூரில் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான 'நிம்ஹான்ஸ்' இதற்காகவே 2014இல் ஒரு தனி கிளினிக்கைத் தொடங்கியது. 2016இல் டெல்லி எய்ம்ஸும் தொடங்கியது. 'நிம்ஹான்ஸ்' கிளினிக்கின் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது: தொழில்நுட்பத்தை ஆரோக்கியமாகப் பயன்படுத்துவதற்கான சேவை. மதுவை விடச் சொல்வதுபோல இதை அடியோடு விடச் சொல்ல முடியாது. நாளைக்கு அட்மிஷன் ஃபாரம் நிரப்பவும் அதே ஃபோன்தான் வேண்டும். எனவே ஃபோனுக்குப் பின்னால் இருக்கும் தனிமை, பயம், மனச்சோர்வு, வீட்டுச் சண்டை ஆகியவற்றைத் தேடிப் பார்க்காமல் சிகிச்சை நகராது.

அரசுகளுக்கு எளிதாக வருவது தடை. பப்ஜியை 2020 செப்டம்பரில் இந்தியா தடை செய்தது. மறுவருடமே அது உள்நாட்டுக்கென வேறு பெயரில் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் விதி கொண்டுவந்தது. பிள்ளைகளின் பணத்தையும் தூக்கத்தையும் காப்பாற்ற இவற்றில் சில உதவலாம். ஆனால் தடையால் ஒரு கடையை மூட முடியும். பசியை மூட முடியாது.

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற சிறு கிராமம் 2022இல் வேறு மாதிரி யோசித்தது. கொரோனா முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் போகவில்லை என்ற கவலையில் ஊரே கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தது. மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். உடனே டி.வி.யையும் செல்ஃபோனையும் அணைத்துவிட வேண்டும். 8.30க்கு மறுபடி சைரன் ஒலிக்கும் வரை ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். செய்தி பரவி ஊர் பிரபலமானது.

இதில் கவனிக்க வேண்டியது சைரன் அல்ல. அணைப்பது பிள்ளையின் ஃபோன் மட்டும் இல்லை என்பதுதான். அப்பாவின் கிரிக்கெட்டும் அம்மாவின் சீரியலும் சேர்ந்தே அணைகின்றன. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாள் முழுக்க லைக் எண்ணிய பிள்ளைக்கு எண்ணிக்கை இல்லாமல் ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

தன்மதிப்பு புத்திமதியால் வருவதில்லை. "உனக்கு என்ன குறை?" என்று கேட்பதாலும் வருவதில்லை. பிள்ளை தன் கையால் செய்த ஒன்று வீட்டுக்கு உண்மையிலேயே உபயோகப்படும்போது வருகிறது. சைக்கிள் செயினை மாட்டத் தெரிந்தவன், தம்பிக்குக் கணக்கு சொல்லித் தரத் தெரிந்தவள், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கூட்டிவரத் தெரிந்தவன் ஆகியோருக்கு ஒரு நாளில் சில நிமிடங்களாவது ராங்க் இல்லாத மதிப்பு கிடைக்கிறது. படிப்பு கெடும் என்று இந்த வேலைகளையெல்லாம் பிடுங்கிவிட்ட நடுத்தர வர்க்கம், பிள்ளைக்கு மிச்சம் வைத்திருப்பது இரண்டே இரண்டு எண்கள். ஒன்று மார்க், இன்னொன்று லைக். முதலாவது குறையும்போது பிள்ளை இரண்டாவதைத் தேடிப் போவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சைரன் ஒலிக்காத ஊர்களிலும் இதை ஆரம்பிக்கலாம். செலவும் இல்லை. பெரியவர் முதலில் தன் ஃபோனைக் கீழே வைக்க வேண்டும். பிறகு பிள்ளையிடம், 'எவ்வளவு' என்ற சொல் வராத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். பல வீடுகளில் இரண்டாவதுதான் கடினமாக இருக்கும்.